ஜீபீஏ 2.74, ட்ரெயினிங் கிடைக்குமோ அக்கா?

கடிதம் நல்ல நீளம், சுருக்கிப் போடுறன். கம்பஸ் பேர், ஊர்ப் பேர் ரெண்டையும் எடுத்திட்டன். (ஜீபீஏ எண்டது கம்பஸ் பாடங்களின்ட சராசரிப் புள்ளி, இவருக்கு 4க்கு; ட்ரெயினிங் எண்டது படிக்கேக்கயே கம்பெனி ஒண்டில செய்யிற தொழிற்பயிற்சி.)

"அக்கா, நான் அரச கம்பஸ் ஒண்டில மெக்கானிக்கல் மூண்டாம் வருஷம். ஏஎல் தமிழ் மீடியம். அஞ்சு செமஸ்டர் முடிஞ்சு ஜீபீஏ 2.74. செமஸ்டர் வாரியாப் பாத்தா 2.3, 2.5, 2.8, 3.0, 3.1. ட்ரெயினிங்குக்கு இன்னும் ரெண்டரை மாசம்தான் இருக்கு. எட்டு கம்பெனிக்கு சிவி போட்டு ஒருத்தரும் கூப்பிடேல்ல, அதில ரெண்டு கம்பெனியில இருந்து 3.6 வச்சிருக்கிற என்ர ரூம்மேட்டுக்கு அடுத்த நாளே கோல் வந்திட்டுது. சிவியில ஜீபீஏ போடாம விடவா? ரிப்பீட் எழுதி ஏத்தலாம் எண்டு ஒரு சீனியர் சொல்லுறார், சரியோ? பிறகு ஜேர்மனிக்கு மாஸ்டர்ஸ் போற எண்ணமும் இருக்கு. அப்பா ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லாட்டி எஞ்சினியரிங் படிச்சு என்ன பிரயோசனம் எண்டு வீட்டில கதைக்கிறாராம். கொழும்பில ட்ரெயினிங் கிடைச்சா எங்க தங்கிறதெண்டும் தெரியாது."

தம்பி, அந்த எட்டு இடத்தில உங்கட சிவிக்கு என்ன நடந்திருக்கும் எண்டதை முதல்ல சொல்லுறன், ஏனெண்டா அந்த வேலையைச் செய்யிற ஆக்களில நானும் ஒராள். நான் பில்டிங் சேர்விஸஸ், அதாவது ஏசி, தண்ணி, பம்ப், ஃபயர் லைன் இதெல்லாம், கொழும்பில 17 வருஷமா இதுதான் வேலை, ட்ரெயினீஸ் எடுக்கிற பொறுப்பும் கொஞ்ச வருஷமா என்ர தலையிலதான். போன முறை நாலு இடத்துக்கு நூத்துச் சொச்சம் சிவி வந்தது. எச்.ஆர்ல இருக்கிற பிள்ளை அதை எல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்டில பேர், கம்பஸ், ஜீபீஏ, போன் நம்பர் எண்டு நாலு கொலத்தில போட்டு அனுப்புவா. எனக்கு அதைப் பாக்கக் கிடைக்கிறது சைட் மீட்டிங் முடிஞ்சு வாற ஒரு பின்னேரம், ரெண்டு மணித்தியாலம் கூட இல்லை. உண்மையைச் சொன்னா நானும் முதல்ல ஜீபீஏ கொலத்தைத்தான் சோர்ட் பண்ணுவன்.

ஏன் அப்பிடிச் செய்யிறன் எண்டா, ஜீபீஏ மேல பெரிய நம்பிக்கை ஒண்டும் இல்லை, சிவியைத் திறந்து பாத்தா எல்லாம் ஒரே சிவி, அதுதான் விஷயம். மேல ஒரு பந்தியில டைனமிக், ஹார்ட் வேர்க்கிங், டீம் பிளேயர். கீழ சொலிட்வேர்க்ஸ், ஒட்டோகேட், மெட்லப். அதுக்குக் கீழ ரெண்டாம் வருஷ டிசைன் ப்ரொஜெக்ட், ஒரே பேட்ச்சில இருந்து வந்த பத்துப் பேரும் அதே ப்ரொஜெக்டையே போட்டிருப்பாங்க, சில பேர் அதே வசனத்தையே போட்டிருப்பாங்க (எழுத்துப் பிழை கூட ஒண்டுதான், ஆர் முதல்ல எழுதினது எண்டு கண்டுபிடிக்கிறதுதான் எங்கட ஒபிஸ்ல பம்பல்). இப்பிடி நூறு சிவி கையில இருந்தா ஆளுக்காள் வித்தியாசமா இருக்கிறது அந்த ஒரு நம்பர்தானே. அப்ப அதாலதான் பிரிப்பாங்க. உங்கட 2.74 உங்களை விழுத்தினது பாதி, உங்கட சிவியில அதைத் தவிர பாக்க வேற ஒண்டும் இல்லாமப் போனது மிச்சப் பாதி. நீங்க அனுப்பின சிவியைப் பாத்திட்டுத்தான் சொல்லுறன், கோவிக்காதேங்கோ.

ரெண்டு வருஷத்துக்கு முதல் எங்கட ஷீட்டில கிட்டத்தட்ட கடைசியில ஒரு பெடியன், 2.6. நான் கீழ வரைக்கும் போனது அண்டைக்கு மழை, வாகனம் வரச் சுணங்கினதால. அவன்ட ரெண்டாம் பக்கத்தில ரெண்டே ரெண்டு வரி: போர்டிங் கிணத்துப் பம்ப், 10 லீற்றர் வாளி நிரம்ப முதல்ல 70 செக்கன், ஃபூட் வால்வ் மாத்தின பிறகு 40 செக்கன். அவ்வளவுதான். (ஃபூட் வால்வ் எண்டா கிணத்துக்குள்ள இறக்கின பைப்பின்ட அடியில இருக்கிற, தண்ணியைத் திரும்ப இறங்க விடாத வால்வ்.) நான் அதிலயே நிண்டிட்டன். அடுத்த கிழமை கூப்பிட்டு வேற ஒரு கேள்வியும் கேக்கேல்ல, இதை மட்டும் சொல்லு எண்டன். ஒரு பேப்பரை எடுத்து கிணறு, பைப், பம்ப், மேல டாங்கி எல்லாத்தையும் கீறிக் காட்டினான். வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு நாளும் விடிய பம்புக்கு ஒரு செம்புத் தண்ணி ஊத்தித்தான் போடுவாவாம், எல்லாரும் பம்ப் பழசு, இம்பெல்லர் (உள்ள சுழலுற சக்கரம்) தேஞ்சிட்டுது எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவையாம். இவன் யோசிச்சது என்னெண்டா, இம்பெல்லர் தேஞ்சா தண்ணி குறையும் சரி, ஆனா இரவில பைப்பில நிண்ட தண்ணி எங்க போகுது? அப்ப கிணத்துக்குள்ள திரும்பி இறங்குது. கூட்டாளி ஒருத்தனோட பைப்பை இழுத்து மேல எடுத்துப் பாத்தா ஃபூட் வால்வ் சல்லடை முழுக்கப் பாசி, வால்வ் வாயில சொப்பிங் பேக் துண்டொண்டு மாட்டிக்கொண்டு மூடாம நிக்குதாம். பாசி அடைச்சதால தண்ணி குறைவு, வால்வ் மூடாததால பைப் வெறுமை, ரெண்டு வருத்தமும் ஒரே இடத்தில.

நான் கேட்டன், கிணறு 12 மீற்றர் ஆழத்தில தண்ணி எண்டா இதே பம்பை மேல வச்சு இழுக்கலாமோ எண்டு. கொஞ்ச நேரம் கதைக்கேல்ல. பிறகு, ஏலாது, வளியமுக்கம் தள்ளுறதே 10.3 மீற்றர்தான், நடைமுறையில 7 தாண்டினாலே கஷ்டம், பம்பைக் கீழ இறக்கோணும் எண்டான். அதுக்குப் பிறகு நான் ஜீபீஏ பற்றிக் கேக்கவே இல்லை. அவன் இப்ப எங்கட இடத்திலதான் வேலை, போன மாசம் ஒரு 24 மாடிக் கட்டிடத்துக்கு ட்ரான்ஸ்பர் பம்ப் அவன்தான் செலெக்ட் பண்ணினான்.

இதை வச்சு ஜீபீஏ கூடின ஆக்களை மட்டம் தட்ட வேண்டாம், எனக்கு அந்தக் கதை பிடிக்காது. அதே நாள் 3.8 வச்சிருந்த ஒரு பிள்ளையும் வந்தவ, அவவையும் எடுத்தனாங்க, சரியான கெட்டிக்காரி, அவவுக்கு டக்ட் கணக்கு ஒரு தரம் சொன்னாக் காணும். அவ எங்கட கண்ணில பட்டது ஷீட்டின்ட மேல் வரியில, இவன் பட்டது அந்த ரெண்டு வரியில. உங்களுக்கு மேல் வரி இந்த ரெண்டரை மாசத்துக்குள்ள கிடைக்காது, அதால மற்றதைத் தேடுங்க.

இனி ஜீபீஏயை மறைக்கிற கதை. மறைக்க வேண்டாம். ட்ரெயினிங் இடம் கம்பஸ் வழியா வந்தா லிஸ்டோட நம்பரும் வரும், நேர போனாலும் ட்ரான்ஸ்கிரிப்ட் கேப்பாங்க, போடாம விட்ட சிவியைப் பாத்தா நான் 2.2 எண்டுதான் நினைப்பன். 2.74ஐ 2.8 எண்டு "சரிப்படுத்தி" போடுற வேலையும் வேண்டாம், அது பிடிபட்டா ஜீபீஏ பிரச்சினை இல்லை, ஆள்தான் பிரச்சினை எண்டு போயிடும். ஆனா நீங்க கடிதத்தில எழுதின அந்த அஞ்சு நம்பரையும் ஏன் சிவியில போடேல்ல? 2.3 இல தொடங்கி ஒரு செமஸ்டர் கூட இறங்காம 3.1க்கு வந்திருக்கிறீங்க. தமிழில ஏஎல் படிச்சிட்டு முதல் நாளே இங்கிலிஷில தேர்மோடைனமிக்ஸ் கேக்கிற பிள்ளைக்கு முதல் வருஷம் என்ன நடக்கும் எண்டு கொழும்பில இன்டர்வியூ எடுக்கிற எல்லாருக்கும் தெரியாது, நீங்கதான் காட்டோணும். ஜீபீஏ 2.74, கடைசி செமஸ்டர் 3.1 எண்டு ஒரே வரியில போடுங்க. கேட்டா, முதல் வருஷம் குப்பியில (பிள்ளையள் தங்களுக்குள்ள நடத்துற வகுப்பில) சீனியர் தமிழில சொல்லித் தந்தாத்தான் விளங்கினது, இப்ப நான் ஜூனியருக்குக் குப்பி எடுக்கிறன் எண்டு சொல்லுங்க (கடிதத்தின்ட கடைசியில சும்மா எழுதியிருக்கிறீங்க, அது சும்மா விஷயம் இல்லை).

ரிப்பீட் பற்றி உங்கட சீனியர் சொன்னது பிழை எண்டு சொல்ல மாட்டன், ஆனா அவர் கணக்குப் பாக்கேல்ல. எங்கட அரச கம்பஸ்கள்ல ரிப்பீட் எழுதினா பொதுவா வெறும் சி கிரேடுக்கு மேல தரமாட்டாங்க. உங்களிட்ட ரெண்டு சி மைனஸ் இருக்கு, ஒவ்வொண்டும் 3 க்ரெடிட். 1.7ல இருந்து 2.0 ஆனா ரெண்டுக்கும் சேத்து 1.8 பொயின்ட், அதை 90 க்ரெடிட்டால பிரிச்சா 0.02. ஒரு மாசம் மினக்கெட்டு 2.74ஐ 2.76 ஆக்கிறதுக்கு நான் போர்டிங் பம்பைக் கழட்டிப் பாக்கச் சொல்லுவன். பெயில் போன பாடம் எண்டா அது வேற கதை, அது கட்டாயம் எழுதோணும், உங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை.

அதே கணக்கை முன்னுக்குப் போட்டுப் பாப்பம். 90 க்ரெடிட் முடிஞ்சுது, இன்னும் 60 இருக்கெண்டு எழுதியிருக்கிறீங்க. மொத்தம் 3.3க்கு, அதாவது ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு அடுத்த செகண்ட் அப்பருக்கு, கொண்டு வர மிச்சம் எல்லாத்திலயும் சராசரி 4.14 எடுக்கோணும். உங்கட கம்பஸ் 4.0 ஸ்கேல், அப்ப அது முடிஞ்ச கதை, அதை நினைச்சு இரவில நித்திரை முழிக்க வேண்டாம். ஆனா 3.0க்கு வர 3.39 காணும். போன செமஸ்டர் 3.1 எடுத்த ஆளுக்கு 3.39 எட்டாத உயரம் இல்லை, பி பிளஸ்ஸும் இடைக்கிடை ஏ மைனஸும். இந்த 3.0 தான் உங்களுக்கு உண்மையான கோடு, ஏனெண்டா செகண்ட் லோவர் தொடங்கிறது அதில, வெளிநாட்டு மாஸ்டர்ஸ் கனக்கத்தில முதல் கேக்கிறதும் அந்த அளவுதான்.

ஜேர்மனிக்கு இன்னும் தெளிவாச் சொல்லலாம். அங்க 1 தான் நல்லது, 4 பாஸ், தலைகீழ். அவங்கள் பவேரியன் ஃபோர்முலா எண்டு ஒண்டை வச்சு மாத்துவாங்கள்: கூடின புள்ளியில இருந்து உங்கட புள்ளியைக் கழிச்சு, அதைக் கூடின புள்ளிக்கும் பாஸ் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால பிரிச்சு, 3ஆல பெருக்கி, 1ஐக் கூட்டுறது. உங்கட 2.74ஐ, கூடினது 4, பாஸ் 2 எண்டு போட்டா 2.89 வரும். 3.0 எண்டா சரியா 2.5. அங்க கன மாஸ்டர்ஸ் கோர்ஸ் 2.5 அல்லது அதை விட நல்லது எண்டுதான் கேக்கும். அப்ப நீங்க கடைசி வருஷத்தில ஏத்தப் போற அந்த 0.26 இங்க ட்ரெயினிங்குக்கு ஒண்டும் செய்யாது, அங்க கதவையே திறக்கும். (நான் படிச்ச மொறட்டுவயில 4.2 ஸ்கேல், மேல் எல்லை கூடினதால அதே 3.0 எடுத்த எங்கட பெடியள் இந்த ஃபோர்முலாவில 2.6க்கு மேல போய் விழுவாங்கள், பிறகு எம்பசிக்கும் யூனிவெர்சிட்டிக்கும் ஈமெயில் எழுதிக்கொண்டு திரிவாங்கள். உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.)

அப்பாவுக்கு என்ன சொல்லுறது? ஃபர்ஸ்ட் கிளாஸ் கேக்கிற வேலை இருக்கு, இல்லையெண்டு சொல்லேல்ல. கம்பஸ்ல லெக்சரரா வரோணும் எண்டா பொதுவா ஃபர்ஸ்ட் அல்லது செகண்ட் அப்பர் கேப்பாங்க. முழுச் செலவும் தாற ஸ்கொலர்ஷிப்புகள் கனக்கவும் அப்பிடித்தான். சில பெரிய கம்பெனியள் முதல் சல்லடைக்கு ஒரு நம்பர் வச்சிருப்பாங்க, ஒரு கம்பெனியில (பேர் வேண்டாம்) எனக்கும் ரிசப்ஷன்லயே வச்சு ஜீபீஏ கேட்டு ஃபோர்மைத் திருப்பித் தந்தவை, என்னது 2.9 சொச்சம். அண்டைக்கு காலி ரோட்டில 101 பஸ்ஸுக்கு நிண்டு அழுதனான், வெக்கமில்லாமச் சொல்லுறன்.

ஆனா சார்ட்டட் எஞ்சினியர் ஆகிறதுக்கு எங்கட ஐஈஎஸ்எல், விஜேராம மாவத்தையில இருக்கிற இலங்கை எஞ்சினியர்மாரின்ட இன்ஸ்டிடியூட், கிளாஸ் கேக்கிறேல்ல. அங்கீகாரம் உள்ள டிகிரி, அதுக்குப் பிறகு செய்த வேலை, ரிப்போர்ட், இன்டர்வியூ, இவ்வளவும்தான். இலங்கை 2014ல வொஷிங்டன் அக்கோர்டில (நாடுகள் ஒண்டின்ட எஞ்சினியரிங் டிகிரியை மற்றது ஏற்கிற ஒப்பந்தம்) முழு அங்கத்துவம் எடுத்தது, அதால அந்த அங்கீகாரம் உள்ள டிகிரிக்கு ஒஸ்ரேலியா, நியூசிலாந்தில ஸ்கில் அசெஸ்மென்ட் செய்யேக்கயும் அவங்கள் பாக்கிறது டிகிரி லிஸ்டில இருக்கோ எண்டதைத்தான், 2.74ஓ 3.74ஓ எண்டு இல்லை. உங்கட டிபார்ட்மென்ட் டிகிரிக்கு அங்கீகாரம் எந்த வருஷம் வரைக்கும் எண்டதை ஒருக்கா ஒபிஸ்ல கேட்டு வையுங்க. ஜீபீஏக்குக் கவலைப்படுற பிள்ளையள் இதைக் கேக்கிறதே இல்லை. ரெண்டாவது வேலைக்குப் போகேக்க ஜீபீஏயை என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல, நான் எடுத்த ஆக்களிட்டயும் நான் கேக்கேல்ல, என்ன சைட் செய்தனீங்க, எத்தின டன் சில்லர் (ஏசிக்குத் தண்ணியைக் குளிராக்கிற மெஷின்), ஆரோட வேலை செய்தனீங்க, இதுதான் கேள்வி.

இனி எங்க போடுறது. நீங்க போட்ட எட்டும் எல்லாருக்கும் பேர் தெரிஞ்ச இடம், பேட்ச் முழுக்க அங்கதான் போட்டிருக்கும், அங்க சோர்ட் பண்ணாம வேற வழியே இல்லை. பியகம, கட்டுநாயக்க ஏற்றுமதி ஃபெக்டரி ஸோன்களுக்குள்ளயும் ஏக்கலப் பக்கமும் இருக்கிற நடுத்தர ஃபெக்டரியள், பொயிலர், கொம்ப்ரெஸர் வச்சிருக்கிற இடங்கள், எங்களைப் போல ஏசி கொன்ட்ராக்டர்மார், லிஃப்ட் கம்பெனியள், இவங்களுக்கு வாறது நூறு சிவி இல்லை, பத்தோ பதினைஞ்சோதான். 2022ல டொலர் இல்லாம சைட் எல்லாம் நிண்டு ஆக்கள் வெளிநாட்டுக்குப் போன பிறகு எங்கட துறையில நடுவில ஒரு வெறுமை, எங்கட டீமில மட்டும் ஒரே வருஷத்தில அஞ்சு பேர் போனவை. அதால இப்ப ட்ரெயினிக்கு உண்மையான வேலை கிடைக்கும், போட்டோகொப்பி எடுக்க விடமாட்டாங்க. ஈமெயில் பொது அட்ரஸுக்கு அனுப்பாம அங்க வேலை செய்யிற எஞ்சினியர் ஒராளுக்கு அனுப்புங்க, உங்கட கம்பஸ்ல இருந்து போன சீனியர் ஒருத்தர் எங்கயும் இருப்பார். ஆறு வரி காணும். எந்த மாசம் தொடக்கம் எத்தின கிழமை எண்டதை முதல் வரியில போடுங்க, நாங்க முதல்ல தேடுறது அதைத்தான்.

சிவியில போட ஒண்டும் இல்லையெண்டு சொல்லாதேங்கோ. நீங்க அப்பாவின்ட அரிசி மில்லைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீங்க, லீவில பெல்ட் மாத்தினது எண்டு. எத்தின குதிரை வலு மோட்டர், பெல்ட் ஏன் திரும்பத் திரும்ப அறுந்தது, பெல்ட் ஓடுற புல்லி (சில்லு) ரெண்டும் நேர்கோட்டில நிண்டதோ, மாத்தினதுக்குப் பிறகு எத்தின மாசம் தாங்கினது? இந்த வார இறுதியில ஊருக்குப் போய் ஒரு அடிமட்டத்தை ரெண்டு புல்லியிலயும் வச்சுப் பாத்து, அளந்து, படம் எடுத்து, மூண்டு வரியில எழுதுங்க. அப்பாவிட்ட கேட்டா அவருக்கு எல்லாத் திகதியும் தெரிஞ்சிருக்கும். ஃபர்ஸ்ட் கிளாஸ் கதையும் கொஞ்ச நேரத்துக்கு நிக்கும்.

ட்ரெயினிங் கிடைச்ச பிறகு நைட்டா (அரச தொழிற்பயிற்சி அதிகாரசபை) டயரியை கடைசிக் கிழமை இருந்து கொப்பி அடிச்சு நிரப்பாதேங்கோ. அண்டண்டைக்கு அளவோட எழுதினா அதுதான் அடுத்த சிவி. எங்கட இடத்தில வேலைக்கு எடுக்கிற ஆக்களில அரைவாசிக்கு மேல பழைய ட்ரெயினீஸ்தான், அந்த நேரம் ட்ரான்ஸ்கிரிப்டை எச்.ஆர் ஃபைலில போடுறதுக்கு மட்டும்தான் வாங்குவாங்க. இன்னொண்டு, இன்டர்வியூ இங்கிலிஷில நடக்கும், சைட் சிங்களத்தில நடக்கும். பாஸ்மார் (கைவேலைக்காரர்), வெல்டர்மாரோட கதைக்க கொஞ்சச் சிங்களம் இல்லாட்டி ஆறு மாசமும் ஒரு மூலையில நிப்பீங்க. இலக்கணம் தேவையில்லை, பைப் சைஸ், மேல, கீழ, இண்டைக்கு, நாளைக்கு, எவ்வளவு நேரம் எடுக்கும், இவ்வளவு தெரிஞ்சாலே தேத்தண்ணிக்குக் கூப்பிடுவாங்கள்.

தங்கிற இடம்: வெள்ளவத்தை தமிழ் ஆக்களுக்கு வசதிதான், சாப்பாட்டுக்கடை, கோயில் எல்லாம் இருக்கு, ஆனா ரூம் விலை கூட. தெஹிவளை உள் ஒழுங்கையளில ரெண்டு பேர் சேந்து எடுத்தா சமாளிக்கலாம், காலமை ட்ரெயினில கோட்டைக்கு நிண்டுகொண்டு போகலாம். பியகமவில கிடைச்சா இந்தப் பக்கம் எடுக்காதேங்கோ, போய் வரவே நாள் போயிடும், களனிப் பக்கம் பாருங்க. ட்ரெயினிங் இடம் உறுதியாகும் வரைக்கும் அட்வான்ஸ் குடுக்க வேண்டாம்.

மில் மோட்டரின்ட நேம் பிளேட்டைப் படம் எடுத்து புது சிவியோட அனுப்புங்க, பாத்துச் சொல்லுறன். எங்கட இடத்தில இந்த முறை மூண்டு பேர்தான், ஷீட் இன்னும் என்ர கைக்கு வரேல்ல.